தோள்மேட்டுப் பெட்டி

முதலில் கம்பம் வரும், அடுத்து நெருப்பு வரும், அதற்கப்புறம் கரண்ட் எடுக்கிற ராட்சதக் காற்றாடி வரும். பலியோகம்போ என்ற அந்த மலையூரில் யாரைக் கேட்டாலும் இந்த வரிசை மாறாமல் சொல்வார்கள். பக்கத்து மலையில் காற்றின் வேகத்தை அளக்கிறோம் என்று நாலு பேர் வந்து ஒரு கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். மறு கோடையில் மலை எரிந்தது. எரிந்த மொட்டையில் வெள்ளை வெளேரென்று காற்றாடிகள் முளைத்தன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் உண்டென்று எந்தக் கோர்ட்டும் சொன்னதில்லை. ஊர் கோர்ட்டுக்காகக் காத்திருக்கவும் இல்லை.

ஆகவே பொலிக்ரோனிஸ் தோளில் ஒரு கம்பத்தோடு ஏறுவதைத் தன் நிலத்தில் பார்த்த அசிமினா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே ஏறினாள்.

அசிமினாவும் அவள் புருஷன் ஸ்தமாதிஸும் பிசின்காரர்கள். பைன் மரத்தின் பட்டையைக் கைக்கோடரியால் ஒரு விரல் அகலம் சீவி, சீவிய இடத்தில் பிசின் நிற்காமல் வடிய எரிமருந்தைத் தூரிகையால் தடவி, கீழே ஒரு பையைக் கட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். பை நிறைந்ததும் பீப்பாயில் கொட்டுவார்கள். வெயில் ஏற ஏறப் பிசின் நன்றாக இறங்கும் என்பதால் ஊர் நிழலைத் தேடும் நேரத்தில் இவர்கள் காட்டைத் தேடுவார்கள். சோப்புக்கு மசியாத பிசினை ஆலிவ் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டு பேர் கையும் ஒரே நிறத்தில் இருந்தன. போன நெருப்பில் முன்காடு முழுக்கப் போய்விட்டது. பாதிப் பிசின் குடும்பங்கள் துறைமுகத்துக்கும் ஓட்டல் வேலைக்கும் போய்விட்டன. மிஞ்சியது மலைமுதுகுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பின்காடு ஒன்றுதான். அதன்மேலும் யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்பது அசிமினாவின் உறுதியான நம்பிக்கை.

பொலிக்ரோனிஸ் துறைமுகத்து ஆள். பாதிரியாரின் மகளைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு வந்தவன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்வான், நன்றாகவும் செய்வான். ஆனாலும் வீட்டோட மாப்பிள்ளை என்றால் எங்கேயும் அரை ஆள்தான். ஊர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட மாப்பிள்ளே என்று இழுத்ததுதான் அதிகம். போன நெருப்பில் டவர் எரிந்து எல்லார் போனும் செத்துப்போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஊர் அலறியதே, அதற்குப் பிறகு அவனுக்கு இந்தப் பெட்டிப் பைத்தியம் பிடித்தது. டவர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குச் சேதியைத் தூக்கிப்போடும் என்றான். நகரத்தில் இதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. அவர்களிடம் வாங்கி மணிக்கூண்டில் ஒன்று, எண்ணெய் ஆலைக் கூரையில் ஒன்று, ரோட்டோரம் கீழ்க்கோயிலில் ஒன்று என்று வைத்துவிட்டான். பின்காட்டுக்கு மட்டும் மலைமுதுகு குறுக்கே நின்றது. இரண்டு பக்கமும் தெரிகிற இடம் தோள்மேடு ஒன்றே.

தோள்மேடு அசிமினாவின் சீதன நிலம். அவளைக் கேட்காமல் அங்கே ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. ஸ்தமாதிஸ் சாராயமும் விற்கிற காப்பிக்கடையில் இரண்டு கிளாஸுக்குப் பிறகு, அதற்கென்ன வைத்துக்கொள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். காப்பிக்கடையில் கொடுத்த வாக்கை ஆம்பிளை திரும்ப வாங்க முடியாது. சீதன நிலத்தைக் கேட்காமல் கொடுத்ததைப் பெண்டாட்டி மன்னிக்கவும் முடியாது. அந்த வீட்டில் அந்தக் கோடை இப்படித்தான் ஆரம்பித்தது.

கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தவன் பக்கத்தில் போய் அசிமினா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு, மாப்பிள்ளே?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பேட்டரி, தீப்பெட்டி அளவு ஒரு ரேடியோ. மேல இருக்கற கண்ணாடியில வெயில் பட்டா சார்ஜ் ஏறும்."

"ரேடியோன்னா பாட்டு வருமா?"

"எழுத்து மட்டும்தான் வரும். ஸ்தமாதிஸ் அண்ணனுக்கு ஒரு கைப்பெட்டி குடுத்திருக்கேன்ல, அதுல அவர் எழுதினா இது வாங்கி மணிக்கூண்டுக்குக் குடுக்கும். அப்படியே கைமாறிப் போகும்."

"அப்ப ஊருல எவன் என்ன பேசினாலும் இது படிக்கும்."

"படிக்காதுக்கா, தூக்கிட்டுப் போகும், அவ்வளவுதான். ஊருக்குன்னு எழுதினா ஊரே படிக்கும். தனியா எழுதினா அவங்க மட்டும்."

"நம்ம பழைய தபால்காரனும் அப்படித்தான் சொன்னான். என் தங்கச்சி மாசமா இருக்கற சேதி எனக்கு முன்னாடி அவன் பெண்டாட்டிக்குத் தெரிஞ்சுது."

பொலிக்ரோனிஸ் சிரித்துவிட்டு ஒரு திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டான். அசிமினா குரலைத் தாழ்த்தினாள்.

"இது காத்தை அளக்குமா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. திருகாணி வாயில் இருந்ததுதான் காரணம். அதை எடுத்துவிட்டு, காத்தை எதுக்குக்கா அளக்கணும் என்று கேட்டான். அந்த ஒரு நொடித் தாமதத்தை அசிமினா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சாட்சியாகவே தெரிந்தது. பெட்டியில் ஒரு சிறு பச்சை விளக்கு மினுக்கியது. எதையும் அளக்காத பெட்டிக்கு விளக்கு எதற்கு? நகரத்துச் சங்கத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவன் வந்து தோள்மேட்டில் நின்று நாலா பக்கமும் போட்டோ எடுத்தான். அவன் தொப்பி பறந்து பீன்ஸ் பாத்தியில் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டே பொலிக்ரோனிஸிடம், இங்கே நல்ல காத்து என்று சொன்னான். களை பிடுங்கிக்கொண்டிருந்த அசிமினாவின் காதில் அது ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் விழுந்தது. நல்ல காத்தாம். இனி என்ன வேண்டும்?

ஸ்தமாதிஸிடம் சொன்னாள். அவன் உனக்குக் கழுதை கத்தினாலும் காற்றாடிக் கம்பெனிதான் என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

கம்பத்தை வெட்டிப் போட்டிருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், புருஷன் வாக்கும் போய்விடும். பிசின்காரிக்குப் பிசின்காரியின் வழி இருந்தது. கம்பத்துக்கு மேலே ஒரு பைன் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பையிலிருந்து புதுப் பிசினை எடுத்து, தூரிகையால் மெல்லிசாக, ஒழுகியது போலவே அந்தக் கண்ணாடிமேல் தடவினாள்; மேல் மூலை மட்டும் கைக்கு எட்டவில்லை. தூசியும் இலையும் ஒட்டி இரண்டு நாளில் கண்ணாடி கறுத்தது. யாராவது கேட்டால் மரம் அழுதது என்று சொல்ல வேண்டியதுதான். கொஞ்ச நாளில் பச்சை விளக்கு அவிந்துபோனது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பொலிக்ரோனிஸ் வந்து பார்த்தான். கிளையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். கம்பத்தைப் பத்தடி தள்ளி நடட்டுமா என்று கேட்டதற்கு, அங்கே பீன்ஸ் போட்டிருக்கிறேன், இந்தப் பக்கம் எருக்குழி, அந்தப் பக்கம் ஆடு வரும் என்று அவள் எல்லாத் திசையையும் அடைத்துவிட்டாள். மாதா திருநாள் முடிந்ததும் பேட்டரியும் கொண்டுவந்து சரி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். போகும்போது அக்கா என்று சொல்லவில்லை. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஸ்தமாதிஸ் பீன்ஸ் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே பேச்செடுத்தான்.

"தோள்மேட்டுக் கண்ணாடியில பிசின் அப்பியிருக்காம். மாப்பிள்ளை உன்னைச் சந்தேகப்படுறான்."

"அவன் படட்டும். நீ?"

"நான் கேக்கறேன், அவ்வளவுதான்."

அசிமினா எழுந்து சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "மாதா மேல ஆணையா நான் தொடல. மரம் ஒழுகினதுக்கு என்னைக் கேட்டா?"

அவன் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு அகப்பை சூப் கேட்டான். சொன்னது பொய்ச் சத்தியம். ஆனாலும் காடு பெரிதா, சத்தியம் பெரிதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மாதாவுக்கும் பைன் மரம் பிடிக்கும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மாதா திருநாளுக்கு முந்தின நாள் வடகாற்று உக்கிரமாக அடித்தது. அசிமினா திருநாள் ரொட்டி சுட வீட்டில் தங்கிவிட்டாள். ஸ்தமாதிஸ் கூலிக்கு வரும் அல்பேனியாக்காரச் சகோதரர்கள் இரண்டு பேரோடு பின்காட்டுக்குப் போயிருந்தான். இந்தக் கோடையில் எடுத்த பிசின் முழுக்க லாரியில் ஏற்றியிருந்தது; சாயந்தரம் ரோட்டு வழியாக இறக்குவதாக ஏற்பாடு. அடுப்பிலிருந்து இரண்டாவது ரொட்டியை எடுக்கும்போது கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற அடி இல்லை அது. வாசலுக்கு வந்தாள். கீழே கடல் பக்கம் புகை, சாய்ந்து சாய்ந்து மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது.

எல்லார் போனும் ஒன்றாகக் கூவியது. ஊரைக் காலி செய்து கடற்கரைக்கு இறங்கச் சொல்லி அரசாங்கச் சேதி. கொஞ்ச நேரத்தில் போன்கள் செத்தன. சதுக்கத்தில் கூடியவர்கள் நகரவில்லை. போன தடவை இந்தச் சேதிக்குக் கீழ்ப்படிந்து ஓடியவர்கள் வீடெல்லாம் எரிந்தது. ஓடாமல் குழாயும் மண்வெட்டியுமாக நின்றவர்கள் வீடு நின்றது. அன்றிலிருந்து கிளம்பு என்று எவன் சொன்னாலும், நீ யார், உனக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பது ஊர் வழக்கமாகிவிட்டது. பாதிரியார் கெஞ்சிக்கொண்டிருந்தார். சிலர் அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பொலிக்ரோனிஸ் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து கைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழ்க்கோயிலில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதியிருந்தார்கள். பின்காட்டு ரோடு பெரிய வளைவில் இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டுவிட்டது. அந்த ரோட்டைத் தவிர பின்காட்டிலிருந்து வண்டி இறங்க வேறு வழி கிடையாது.

"ஸ்தமாதிஸுக்குச் சொல்லு," என்றாள் அசிமினா.

"அப்பலேருந்து எழுதிக்கிட்டே இருக்கேன், போகல. தோள்மேட்டுப் பெட்டி செத்துக் கிடக்கு." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "புகையைப் பார்த்ததும் லாரியைக் கிளப்பிடுவாரு. நேரா வளைவுக்குத்தான் போவாரு."

 அந்த நிலையிலும் அவளுக்கு, இவன் என் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பிசின் பேச்சையே எடுக்காமல் கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணலாம்?"

அவன் இடுப்புப் பையிலிருந்து இன்னொரு கைப்பெட்டியை எடுத்தான். யாருக்காவது கெட்டுப்போனால் கொடுக்கவென்று வைத்திருந்தது. "இதுவும் பெட்டிதான். கையில இருக்கறதும் சேதியைக் கைமாத்தும். யாராவது இதைத் தூக்கிட்டுப் போயி தோள்மேட்டுல நின்னா..."

முடிப்பதற்குள் அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கோடைக்காலம் முழுக்க ஊர் கெஞ்சியும் அவள் தொடாத சாமான் அது. எந்தப் பொத்தானை எதற்கு அழுத்துவது என்று அவன் கூடவே ஓடிக்கொண்டு சொன்னான். ஊர்ச் சேனலில்தான் இருக்கிறது, எழுதினால் எல்லாரும் படிப்பார்கள், மாற்ற நேரமில்லை என்றான். அவள் காதில் பாதிதான் விழுந்தது.

ஆட்டுப்பாதையில் ஏறினாள். புகையில் தொண்டை கமறியது. தலைத்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மாவு ஒட்டிய கையோடு கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். தோள்மேட்டில் கால் வைத்ததும் கையிலிருந்த பெட்டி அதிர்ந்தது. பொலிக்ரோனிஸ் எழுதிவைத்த சேதிகள் அவள் வழியாக அந்தப் பக்கம் இறங்கின. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

ஸ்தமாதிஸ்: வளைவு எரியறதை நீ பார்த்தியா?

பொலிக்ரோனிஸ்: கீழ்க்கோயில்ல இருக்கறவங்க பார்த்தாங்க அண்ணே. லாரியை விட்டுட்டு ஓடை வழியா நடந்து வாங்க.

ஸ்தமாதிஸ்: போன தடவையும் யாரோ பார்த்தாங்க. லாரியை விட்டுட்டு ஓடணுமா? இதுல யாருக்கு லாபம்?

அசிமினா பல்லைக் கடித்தாள். இந்த ஊர்ப் புத்தி, அவளே அவனுக்கு ஊட்டி வளர்த்த புத்தி, இப்போது எதிரே வந்து நின்றது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினாள். அவள் பெட்டிக்குக் கையிருப்பு என்று பெயர் வைத்திருந்தான் பொலிக்ரோனிஸ். அந்தப் பெயரில்தான் போனது.

கையிருப்பு: ரோட்டுல போகாதே. ஓடை வழியா வா.

ஸ்தமாதிஸ்: நீ யாரு?

கையிருப்பு: அசிமினா.

ஸ்தமாதிஸ்: அசிமினா இதைக் கையால தொடமாட்டா. என் பெண்டாட்டி பேரைச் சொல்லி ஏமாத்தாதே.

கையிருப்பு: நான்தான்யா. உன் இடது கால்ல கோடரி பட்ட தழும்பு இருக்கு.

ஸ்தமாதிஸ்: அது ஊருக்கே தெரியும். லாரி கிளம்பிடுச்சு.

உண்மைதான். அவன் தழும்பு ஊருக்குத் தெரியும். அவள் அம்மா எதனால் செத்தாள் என்பது தெரியும். கல்யாணத்தன்று அவன் குடித்துவிட்டு ஆட்டுத்தொட்டியில் விழுந்தது தெரியும். பலியோகம்போவில் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று எது இருக்கிறது? லாரியின் உறுமல் காற்றோடு வந்து வந்து போனது. முதல் கியரில் இறங்குகிறான். வளைவு வந்துவிட்டால் திருப்ப இடம் கிடையாது.

ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று இருந்தது. இதை எழுதினால் ஊர் முழுக்க அவரவர் கையில் படிக்கும். பாதிரியார் படிப்பார். சாகிறவரைக்கும் அவளைப் பொய்ச் சத்தியக்காரி என்பார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள்.

கையிருப்பு: கண்ணாடியில பிசின் பூசினது நான். மரமில்ல. சூப் சாப்பிட்டுக்கிட்டு நீ கேட்டப்ப மாதா மேல பொய்ச் சத்தியம் பண்ணினேன்.

  லாரிச் சத்தம் கேட்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. காது முழுக்க காற்று.

ஸ்தமாதிஸ்: தெரியும். நிறுத்திட்டேன். மூணு பேரும் ஓடைக்கு வரோம்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த முதல் வார்த்தை உறைத்தது. தெரியுமாமே. தெரிந்துகொண்டேதான் என்னை மாதா முன்னால் நிற்கவிட்டானா? உயிர் பிழைக்கட்டும், வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது அவனுக்கு என்று நினைத்தாள். அப்படி நினைக்க முடிந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பொலிக்ரோனிஸ் எழுதினான்: அக்கா, அங்கேயே நில்லுங்க. ஓடையில பாதி வழியில சேதி தேவைப்பட்டா நீங்க இருந்தாத்தான் போகும்.

நின்றாள். ஆனால் ஓடைப் பள்ளம் ஆழம். இறங்க இறங்க ஸ்தமாதிஸின் பெட்டி பேச்சை நிறுத்திக்கொண்டது. எங்கே இருக்கே என்று எழுதினாள், போகவில்லை. மறுபடி எழுதினாள். அப்போது பின்காட்டுப் பக்கம் ஒரு வெடி கேட்டது. பிறகு இன்னொன்று. லாரியில் இருந்த பிசின் பீப்பாய்கள். கோடை முழுக்க அவர்கள் சீவிய மரமெல்லாம் அந்தச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிறுத்திவிட்டேன் என்று எழுதினானே, நிஜமாக இறங்கினானா, இல்லை பீப்பாய் மேல் ஆசைப்பட்டுத் திரும்பிப் போனானா என்பது ஒன்றுதான் ஓடியது.

புகை தோள்மேட்டுக்கே வந்துவிட்டது. கம்பம் தெரியவில்லை, பீன்ஸ் பாத்தி தெரியவில்லை. கிணற்றடியில் யாரோ கொடுத்த குடுவைத் தண்ணீரில் தலைத்துணியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். பெட்டி அதிர்ந்தது.

பொலிக்ரோனிஸ்: மூணு பேரும் கீழே ஓடை வாய்க்கு வந்துட்டாங்க. இனி நீங்க இறங்கிடுங்கக்கா. உடனே இறங்குங்க.

அவள் நகரவில்லை. அவன் புகை ஏறுவதைக் கீழேயிருந்து பார்க்கிறான். இவளையாவது இறக்கிவிடலாம் என்று ஒரு நல்ல பொய் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் இடத்தில் அவன் நின்றிருந்தால் அவளும் அதைத்தான் எழுதியிருப்பாள்.

கையிருப்பு: நீ சொல்லாதே. ஸ்தமாதிஸ் எழுதட்டும்.

ஸ்தமாதிஸ்: வந்துட்டேன். இறங்கு.

அவன் பெயரில்தான் வந்தது. ஆனால் பெட்டி யார் கையில் இருக்கிறதோ? ஸ்தமாதிஸ் செத்திருந்து, அவன் பெட்டியில் அல்பேனியாக்காரப் பையனைப் பொலிக்ரோனிஸ் எழுதச் சொல்லியிருந்தால்?

கையிருப்பு: நீதான்னு எப்படி நம்பறது? ஊருக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லு.

இருமல் வந்து குனிந்தாள். கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. பெட்டியை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டாள்.  

ஸ்தமாதிஸ்: நீ பூசினப்ப மேல் மூலையை விட்டுட்டே. பெட்டி அந்த வெளிச்சத்துலயே உசிரோட இருந்துச்சு. குடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியல. அந்த மூலையைப் பூசினது நான்.

அவனேதான். கைக்கு எட்டாமல் விட்ட அந்த மூலையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அசிமினா இறங்க ஆரம்பித்தாள்.